வார்டுக்குப் போகும் வழிகள் – 9: கவுன்சிலிங்கில் சீட் வராதவர்கள்

தரவரிசைப் பட்டியலில் பெயர் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணைக் கூப்பிடுவதற்குள் அரசுக் கல்லூரிகளின் பி.எஸ்சி. நர்சிங் இடங்கள் தீர்ந்துவிட்டன. அன்றைக்கு வீட்டில் பெரியவர்கள் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ஒரு வருஷம் போகட்டும், அடுத்த தடவை பார்த்துக்கலாம்." கேட்க நிதானமாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் நர்சிங்கைப் பொறுத்தவரை இதைப் போல நஷ்டமான யோசனை வேறில்லை.

இங்கே மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்தான் எல்லாம். பாஸான பாடத்தை மறுபடி எழுதி மார்க்கைக் கூட்டிக்கொள்ளும் 'இம்ப்ரூவ்மென்ட்' மாநில வாரியத்தில் ஒழிந்து வெகுகாலம் ஆகிறது. அடுத்த ஆண்டும் கையில் அதே மார்க்தான். போட்டிக்கு மட்டும் புதிதாக ஒரு செட் பிள்ளைகள் வந்திருப்பார்கள்.

காத்திருப்பதாக இருந்தால் நீட்டுக்குப் படித்துக்கொண்டு காத்திருக்கலாம். புதுச்சேரி ஜிப்மரின் பி.எஸ்சி. நர்சிங்கில் சேர நீட் மதிப்பெண் வேண்டும். ராணுவ நர்சிங் கல்லூரிகளும் நீட்டை வைத்தே முதல் வடிகட்டலைச் செய்கின்றன. அங்கே திருமணமாகாத பெண்களுக்கு மட்டும் இடம். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அரசு செலவு. முடித்தால் லெப்டினன்ட் பதவி. ஆனால் நாடு முழுவதற்கும் சேர்த்தே 220 இடங்கள்தான். நீட்டைத் தொடப் போவதில்லை என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

இனி டிப்ளமோ. மூன்றாண்டு ஜி.என்.எம். படிப்பைச் சொன்னதுமே பல அம்மாக்களின் முகம் சுருங்கிவிடுகிறது. 'டிகிரி இல்லையா?' என்று பெண் பார்க்க வருபவர்கள் கேட்பார்களாம். இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியதே 1946-ல்தான், வேலூரிலும் டெல்லியிலும். அதற்கு முன் இங்கே படித்து வார்டுகளை நடத்திய நர்சுகளில் ஒருவரிடமும் அந்தப் பட்டம் இருந்ததில்லை. இன்றைக்கும் டிப்ளமோ முடித்தவரும் பட்டம் முடித்தவரும் பதிவு செய்வது ஒரே தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலில்தான். அரசு மருத்துவமனை நர்ஸ் வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்தும் தேர்வை இருவருமே எழுதலாம். பட்டம் வேண்டுமென்றால் பிறகு இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துக்கொள்ளலாம். மொத்தம் ஐந்து ஆண்டு. நேராகப் படிப்பதைவிட ஓராண்டுதான் கூடுதல். எம்.எஸ்சி., கல்லூரி ஆசிரியர் வேலை என்று கனவிருப்பவர்கள் மட்டும் இந்தக் கூடுதல் ஆண்டை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் பயப்படுவது டிப்ளமோவுக்கு அல்ல, அவசரத்தில் பிடிக்கிற தனியார் கல்லூரிக்கு. தனியாரிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. அவை இதே கவுன்சிலிங்கில் வரும் என்பதால் கடைசிச் சுற்று முடியும்வரை வெளியேறாதீர்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேருவதென்றால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரியைப் பாருங்கள். கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கையாவது கொண்ட மருத்துவமனை வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதம் வேண்டும் என்பவை இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகள். காகிதத்தில் இவை எல்லாக் கல்லூரியிலும் இருக்கும். சேர்க்கைக்கு முன் ஒரு வேலைநாளில் காலை பத்து மணிக்கு, நோயாளியைப் பார்க்க வந்தவர்போல அந்த மருத்துவமனைக்குள் போய்வாருங்கள். ஓ.பி.யில் ஆள் இருக்கிறதா? படுக்கைகளில் நோயாளி இருக்கிறாரா, மடிப்புக் கலையாத விரிப்பு மட்டும்தானா? பிரசவ வார்டு நடக்கிறதா? மாணவி, தான் பார்த்த பிரசவங்களைக் கேஸ் புக்கில் எழுதியாக வேண்டும். பிரசவமே நடக்காத ஆஸ்பத்திரியில் எதைப் பார்த்து எழுதுவாள்?

பெங்களூருக்கு அழைத்துப்போகும் ஏஜென்ட்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அங்கே நல்ல கல்லூரிகள் இல்லாமலில்லை. ஆனால் நல்ல கல்லூரிக்கு ஊர் ஊராக ஆள் பிடிக்கும் தரகர் எதற்கு? கல்லூரியின் பெயர் அந்த மாநில கவுன்சிலின் பட்டியலிலும் இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலும் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் பாருங்கள். அங்கே படித்துத் திரும்புபவர், முதலில் அந்த மாநிலத்தில் பதிந்து, பிறகு பதிவை இங்கே மாற்ற வேண்டியிருக்கும். உள்ளூர்க் கிளினிக்குகள் நடத்தும் ஓராண்டு 'நர்சிங் அசிஸ்டென்ட்' சான்றிதழ்களுக்குப் பதிவே கிடையாது. அதை வைத்துக்கொண்டு யாரும் நர்ஸ் ஆக முடியாது.

பணம்: அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் டிப்ளமோ சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. தனியாரில் சேர்ந்த பிறகு அரசு இடம் கிடைப்பதும் நடக்கும். அப்போது அசல் சான்றிதழ்களைத் தர மறுத்து, முழுப் படிப்புக்கும் கட்டணம் கட்டச் சொல்லும் நிர்வாகங்கள் உண்டு. எதைக் கொடுத்தாலும் தேதி போட்ட ரசீது வாங்குங்கள். விலகினால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதைச் சேரும் அன்றே எழுத்தில் கேளுங்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: எம்.ஆர்.பி. தேர்வும் ஒப்பந்த நர்சுகளும்