சாமி விளக்கும் தின்னர் டின்னும்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சிலாங்கூரில் எங்கள் ஈஜோக் பக்கம் வீட்டுக்கு வீடு பெயின்ட் வாடை வந்துவிடும். கதவுக்கும் சன்னல் கம்பிக்கும் எண்ணெய் பெயின்ட், அதை இளக்க ஒரு டின் தின்னர். பல தின்னர்களில் முக்கியச் சரக்கு டொலுயீன் என்ற நிறமற்ற திரவம்.

பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு துணுக்கு: தண்ணீரில் கரையாத, பதப்படுத்தாத ரப்பர் டொலுயீனில் ஊறி, உப்பி, கரைந்து பசையாகிவிடும். ஒட்டுப்பசைகள் பலவற்றில் அது சேர்வது இதனால்தான்.

ஆவிதான் முதலில் எரியும்

டொலுயீன் 4 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் வெயிலோ 30 டிகிரிக்கு மேல். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பக்கத்து அறைக்குப் போகும். காற்றில் 1.1 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஹாலில் திறந்த டின், சாமி மேடையில் எரியும் விளக்கு, சமையலறையில் கேஸ் அடுப்பு: நெருப்பு அங்கே பிடித்து டின்னுக்குத் திரும்பி ஓடிவரும்.

பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். டொலுயீன் தண்ணீரில் மிதக்கும். நெருப்பும் கூடவே பரவும். தீயணைப்புப் பொடி இல்லையென்றால் வீட்டாரோடு வெளியேறி 999க்கு அழையுங்கள்.

மூக்கை நம்ப வேண்டாம்

இனிப்பு கலந்த அந்த வாடை சிறிது நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். வாடை போய்விட்டது என்று நினைக்கும்போதுதான் தலைவலி, கிறுகிறுப்பு, குடித்தவர் போன்ற தள்ளாட்டம். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வேலை செய்யுங்கள். அன்றிரவு அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கட்டாயம் விலகியிருக்கட்டும்.

பென்சீனைப் போல இது ரத்தப் புற்றுநோய்க்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனால் போதைக்காகப் பசை முகர்பவர்களின் மூளையை நாளடைவில் அரிக்கும். முகர்ந்த நிமிடமே இதயம் நின்று போவதும் உண்டு.

மினரல் வாட்டர் போத்தலில் தின்னரை ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரவம் நுரையீரலுக்குள் போய்விடும். டின்னையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கை கழுவவும் தின்னரா? தோல் வெடிக்கும். சமையல் எண்ணெய் தேய்த்துப் பிறகு சவர்க்காரம் போட்டாலே பெயின்ட் போகும்.

வாய்க்காலில் ஊற்றினால்

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய ரசாயனக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அங்கே கண்டறியப்பட்ட ஆவிகளில் டொலுயீனும் ஒன்று. நமக்கு இன்னும் பக்கத்தில், 2020 செப்டம்பர் 3 அன்று, ராவாங் பக்கமிருந்து தின்னர் போன்ற கரைப்பான் வாடையடிக்கும் கழிவு சிலாங்கூர் ஆற்றில் கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. 1,292 பகுதிகளில் குழாய் வறண்டது. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம்.

ஆகவே தூரிகை கழுவிய கலங்கலை வாய்க்காலில் கொட்டாமல் மூடியுள்ள டின்னில் விட்டு, பெயரெழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். சில நாளில் பெயின்ட் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததைக் கொண்டு அடுத்த தீபாவளிக்குத் தூரிகை கழுவலாம்.