மின்கித்தாருக்குத் தந்தி மாற்றுதல்

மயிலாப்பூர் வீடுகளில் வீணைக்குத் தந்தி மாற்றப் பார்த்துப் பழகிய நாம், மின்கித்தாருக்கும் அவ்வாறே செய்யலாமென்றெண்ணி ஒருமுறை ஏமாந்தோம். வீணையின் 7 தந்திகளும் பிரடைகளிற் கட்டுண்டவை. நுண்ணிய சுருதியை லங்கரால் சரிசெய்வர். வாசிக்குங்கால் குதிரை அசையாது. 1954-ஆம் ஆண்டில் ஃபெண்டர் கம்பெனியார் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கித்தாரிலோ குதிரையே அசையுமாறு அமைக்கப்பட்டுளது. அதன் நெம்புகோலை அழுத்தினால் 6 தந்திகளும் தளர்ந்து சுரம் இறங்கும். விட்டால் பின்புறத்துச் சுருள்வில்கள் குதிரையைப் பழைய நிலைக்கு மீட்கும். தந்திகள் ஒருபுறமும் வில்கள் மறுபுறமுமாக இழுத்துச் சமனாய் நிற்பதே அதன் சூட்சுமம்.

இதனையறியாது, தியாகராய நகரில் நண்பர் வீட்டுக் கச்சேரிக்கு இரண்டு நாழிகைக்கு முன் எல்லாத் தந்திகளையும் ஒருசேரக் கழற்றினோம். குதிரை பின்சாய்ந்தது. புதியவற்றுள் ஒன்றைச் சுருதி கூட்டினால் முன் கூட்டியது இறங்கிற்று. அன்று வீணை மட்டுமே ஒலித்தது!

ஆதலின் ஒவ்வொன்றாகவே மாற்றுக. பழையதைக் கழற்றி, புதியதைப் பின்புறத் துளைவழி நுழைத்து, முறுக்காணியிற் சுற்றிச் சுருதி சேர்த்தபின்னரே அடுத்ததைத் தொடுக. புதுத் தந்தியை விரலால் மெல்ல இழுத்துவிட்டு மீண்டும் சுருதி கூட்டல் வேண்டும். முன்னிலும் தடித்த தந்தியிட்டால் குதிரை மேலெழும். அப்பொழுது வில்களைப் பிணித்துள்ள இரு திருகாணிகளையும் சிறிது முடுக்குக.