முதிர்ந்த கணிப்பொறியில் இரு இயங்குதளங்கள்

கரிக்கலாம்பாக்கம் வட்டாரத்துக் கிராமவாசிகளுக்குக் கணிப்பொறி புதிய பொருளன்று. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998-ஆம் ஆண்டில் வில்லியனூரைத் தலைமையிடமாகக் கொண்டு கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கினர். அருகிலுள்ள ஏம்பலத்திலும் ஒரு நிலையம் அமைந்தது. வீராம்பட்டினத்தில் கடலலையின் உயரத்தை ஒலிபெருக்கி வாயிலாக மீனவர்களுக்கு அறிவித்தனர். அதன் பிறகு சங்கங்களுக்கும் காரியாலயங்களுக்கும் வந்து சேர்ந்த இயந்திரங்கள் பல இன்று முதுமை அடைந்துள்ளன. அவற்றை என்ன செய்வது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

கணிப்பொறியின் உறுப்புகளை வேலை வாங்கும் மூல மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். நம்மிடையே பெரிதும் வழங்குவது விண்டோஸ். இதைச் செய்வோர் ஒவ்வொரு பதிப்பிற்கும் சில ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்பிப் பின்னர் நிறுத்திவிடுவர். எக்ஸ்.பி. பதிப்பிற்கு 2014-லும், 7-ஆம் பதிப்பிற்கு 2020-லும், 10-ஆம் பதிப்பிற்கு 2025 அக்டோபர் 14-லும் வழக்கமான ஆதரவு முடிந்தது. 11-ஆம் பதிப்போ பழைய இயந்திரங்கள் பலவற்றை ஏற்பதில்லை.

ஆகவே இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்பார் உண்டு. அது அவசர புத்தி. ஒரு சங்கத்தின் உறுப்பினர் பங்குத் தொகையும் கடன் பாக்கியும் பழைய கணக்கு மென்பொருளில் இருக்கின்றன என்று கொள்வோம். அம்மென்பொருள் புதிய தளத்தில் ஓடாமற் போகலாம். யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டெழுதிய தமிழ்ப் பத்திரங்களும், அதற்குரிய எழுத்துரு இல்லாவிடில் பொருளற்ற குறிகளாகவே தெரியும். கடனைக் கட்டி முடித்த விவசாயி, கட்டியதற்குச் சான்று கேட்டு வந்து நின்றால் என் செய்வது?

இதற்கு வழி, பழையதை அழிக்காமல் புதியதையும் அதே இயந்திரத்தில் குடியேற்றுவதாகும். ஒரே நிலத்தில் வரப்புப் போட்டு ஒரு பக்கம் நெல்லும் மறு பக்கம் உளுந்தும் விதைப்பதைப் போல, வட்டினை இரு பகுதிகளாகப் பிரிக்கலாம். ஒன்றில் பழைய விண்டோஸ் இருக்கும். மற்றொன்றில் விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இருக்கும். மின்சாரம் கொடுத்தவுடன் எது வேண்டும் என்று திரையில் கேள்வி தோன்றும். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பெற்ற மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இவ்வாறே சேர்ந்திருந்தது.

வரப்புப் போடுமுன் கணக்குகள் அனைத்தையும் இரண்டு வெளி வட்டுகளில் நகல் எடுத்து, வெவ்வேறு இடங்களில் வைத்தல் மிக அவசியம். நிறுவித் தர வருவோர் சிலர் முதற்காரியமாக வட்டு முழுவதையும் துடைத்துவிடுவதுண்டு, அருகிலிருந்து கவனியுங்கள். விண்டோஸ் முதலில் இருக்க, லினக்ஸைப் பின்னர் நிறுவ வேண்டும். வரிசை மாறினால், பின்னே வரும் விண்டோஸ் அந்தக் கேள்வித் திரையை மறைத்துவிடக் கூடும்.

இயந்திரம் 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்றும் கேட்டறிய வேண்டும். உதாரணமாக, 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணிப்பொறிகளில் புதிதாக நிறுவும் வசதி இல்லை; 12-ஆம் பதிப்பில் உண்டு. நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே இருப்பின் 4 ஆக உயர்த்துவதும், சுழலும் வட்டிற்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்துவதும் நல்ல பலன் தரும்.

பழைய தளத்தில் வேலை செய்யும்போது இணையக் கம்பியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். திருத்தம் பெறாத தளம் காவலற்ற களம். வங்கிக் காரியமும் மின்னஞ்சலும் லினக்ஸில் மட்டுமே நடைபெறட்டும். விண்டோஸிலிருந்து மாறும்போது இயந்திரத்தை முழுவதும் நிறுத்துதல் வேண்டும். உறங்க வைத்துவிட்டு மாறினால் கோப்புகள் பழுதுபடும்.

சிறு விஷயம் ஒன்று. உள்ளே நாணயம் போன்ற மின்கலம் ஒன்று உண்டு. அது தீர்ந்தால், இயந்திரத்தை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். ரசீதிலும் அத்தேதியே அச்சாகும். கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைப்பதால், மற்ற வேலைகளுக்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.