டேங்க் தலைக்கு மேலே... ஷவரில் மட்டும் ஏன் நூல் போல தண்ணீர்?

மொட்டை மாடியில் டேங்க். அதற்கு நேர் கீழே, மேல் தளத்தில் உங்கள் வீடு. தண்ணீர் வர வேண்டிய தூரம் கொஞ்சம்தான். ஆனாலும் தரைத்தளத்தில் ஷவர் கொட்டுகிறது, உங்களுக்கு நூலாக இழைகிறது. அந்த நேரம் பார்த்து யாராவது கிச்சன் குழாயைத் திறந்தால் அதுவும் நின்றுவிடும். தலையில் ஷாம்பு நுரையோடு "யாரு அங்க பைப்பத் திறந்தது?" என்று கத்தாத மேல்மாடிவாசி உண்டா?

நான் குடியிருக்கும் வாடகை வீட்டிலும் இதே கதைதான். வந்து பார்த்த பிளம்பர் சொன்ன வைத்தியம்: "லைனை இன்னும் சின்னதாக்கிடலாம் சார். சின்ன பைப்புன்னா ஃபோர்ஸா வரும்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸின் வாயை விரலால் பாதி மூடினால் பீய்ச்சி அடிக்கிறதே! ஆனால் முழு லைனையும் சின்னதாக்கினால் நடப்பது நேர் எதிர். ஏன் என்று புரிய, குழாய்க்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

மான்செஸ்டரில் ஒரு சாயக் கோடு

அப்படி எட்டிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பொறியியல் பேராசிரியர். கண்ணாடிச் சுவர் வைத்த தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் ஒரு கண்ணாடிக் குழாயைப் படுக்க வைத்தார். குழாயின் நடுவே மெல்லிய சாய இழை ஒன்றை விட்டார். வால்வை லேசாகத் திறந்தால் சாயம் கோடு கிழித்தது போல நேராகப் போனது. இன்னும் கொஞ்சம் திறந்தார், அப்போதும் கோடுதான். ஆனால் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் சாயம் திடீரென்று கலைந்து, குழாய் முழுக்கப் பரவிவிட்டது. மின்பொறியின் கண நேர வெளிச்சத்தில் பார்த்தபோது, கலங்கலாகத் தெரிந்த இடமெல்லாம் சின்னச் சின்னச் சுழல்கள்! இதையெல்லாம் 1883-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அவர் சோதித்த குழாய்களில் ஒன்று, நம் பாத்ரூம் லைனைப் போலவே கிட்டத்தட்ட அரை இஞ்ச்.

கோடாகப் போனது வரிச்சீர் ஓட்டம், அதாவது லேமினார். கலைந்து போனது சுழற்சி ஓட்டம், டர்புலன்ட். பிளஸ் ஒன் இயற்பியலில் மார்க்குக்காக மனப்பாடம் செய்தது ஞாபகம் வரலாம்.

எது எப்போது என்று சொல்வது ரெனால்ட்ஸ் எண். வேகம், குழாயின் விட்டம், திரவத்தின் அடர்த்தி மூன்றையும் பெருக்கி, பாகுத்தன்மையால் வகுத்தால் கிடைக்கும். குழாயில் அது சுமார் 2,000-க்குக் கீழே இருந்தால் வரிச்சீர். 4,000-ஐத் தாண்டினால் பெரும்பாலும் சுழற்சி. நடுவில் இரண்டும் மாறி மாறி வரும். 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் உண்டு: தொட்டித் தண்ணீரை அசையாமல் வைத்திருந்த ரெனால்ட்ஸ், 12,000-க்கு மேலும் கோடு கலையாமல் பார்த்தார். பிற்காலத்தில் அதே கருவியில் சோதனையைத் திரும்பச் செய்தபோது அவ்வளவு தூரம் போக முடியவில்லை. மான்செஸ்டர் தெருக்களில் ஓடும் வண்டிகளின் அதிர்வே சாயத்தைக் கலைத்துவிட்டதாம்.

பக்கெட் நிரம்ப 13 நிமிஷம்

சரி, நம்ம வீட்டு அரை இஞ்ச் குழாயில் எந்த ஓட்டம்? நிமிடத்துக்கு 10 லிட்டர் வந்தால் ரெனால்ட்ஸ் எண் 17,000-ஐத் தாண்டும். சந்தேகமே இல்லாமல் சுழற்சி ஓட்டம். வரிச்சீராக வர வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 1 லிட்டர் சொச்சம்தான் விடலாம். 15 லிட்டர் பக்கெட் நிரம்ப 13 நிமிஷம். யாருக்குப் பொறுமை இருக்கிறது?

உராய்வு என்றதும், தண்ணீர் குழாயின் உட்சுவரில் தேய்த்துக்கொண்டு போவதாக நினைக்கிறோம். உண்மையில் சுவரை ஒட்டிய தண்ணீர் நகர்வதே இல்லை. அடுத்த படலம் மெதுவாக, அதற்கடுத்தது இன்னும் வேகமாக, நடுவில் அதிவேகமாக. தேய்மானமெல்லாம் தண்ணீருக்கும் தண்ணீருக்கும்தான். வரிச்சீர் ஓட்டத்தில் இந்தப் படலங்கள் சண்டையில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போகும். சுழற்சி ஓட்டத்தில், நடுவில் வேகமாகப் போகும் தண்ணீரைச் சுழல்கள் இழுத்துவந்து ஓரத்துச் சோம்பல் தண்ணீரில் தள்ளுகின்றன. ஓரத்தில் இருப்பதை நடுவுக்குக் கொண்டுபோகின்றன. அந்தத் தள்ளுமுள்ளில் அழுத்தம் கரைந்து வெப்பமாகிறது, தொட்டால் தெரியாத அளவுக்கு. ஓட்டத்தை இரண்டு மடங்காக்கினால் வரிச்சீரில் இழப்பும் இரண்டு மடங்குதான். சுழற்சியிலோ கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

விட்டத்தின் கதை இன்னும் மோசம். ரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ள மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் சோதனை செய்தார், பிரெஞ்சு மருத்துவர் புவாசே. வரிச்சீர் ஓட்டத்தில், அதே அழுத்தத்துக்குக் கிடைக்கும் திரவத்தின் அளவு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று 1840-களில் காட்டினார். விட்டம் பாதியானால் ஓட்டம் 16-ல் ஒரு பங்கு. சுழற்சி ஓட்டத்தில், அதே அளவு தண்ணீரை அனுப்ப ஆகும் இழப்பு, விட்டம் பாதியானால் சுமார் 30 மடங்கு ஏறும்.

இனி மேல்மாடிக் கணக்கு. டேங்கின் தண்ணீர் மட்டம் ஷவரைவிட 3 மீட்டர் உயரம் என்று வைப்போம். கையில் இருக்கும் மொத்த அழுத்தமே அவ்வளவுதான். சுற்றி வளைத்து வரும் குழாய் 20 மீட்டர். அரை இஞ்சில் நிமிடத்துக்கு 10 லிட்டர் எடுக்கப் பார்த்தால், வழியிலேயே 1.6 மீட்டருக்கு மேல் காலி. போதாக்குறைக்கு ஒவ்வொரு எல்போவும் சுமார் அரை மீட்டர் நேர்க் குழாய்க்குச் சமம். அதே லைன் முக்கால் இஞ்சாக இருந்தால் குழாயின் இழப்பு 40 சென்டிமீட்டர் சொச்சம். நான்கில் ஒரு பங்கு! தரைத்தளத்துக்காரருக்கு மேலே பல மீட்டர் உயரம் இருக்கிறது. இதெல்லாம் அவர் கவலையே இல்லை.

போர் தண்ணீர் உப்பு வேறு இருக்கிறது. அரை இஞ்ச் குழாயில் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் படிந்தாலே இழப்பு 4 மடங்குக்கு மேல்.

அப்போ ஹோஸ்? விரல் வைக்கும்போது கடைசி ஒரு இடம்தான் சுருங்குகிறது. வரும் தண்ணீரின் அளவு குறைவதால் ஹோஸுக்குள் உராய்வு இழப்பும் குறைகிறது, மிச்சமான அழுத்தம் முழுக்க விரலருகே வேகமாக மாறுகிறது. பீய்ச்சுகிறது, ஆனால் பக்கெட் நிரம்ப அதிக நேரம் ஆகும். வேகம் வேறு, அளவு வேறு.

அலாஸ்காவில் வேறு வைத்தியம்

20 மீட்டருக்கே இந்தப் பாடு என்றால், கச்சா எண்ணெய் சுமார் 1,287 கிலோமீட்டர் ஓடும் அலாஸ்கா குழாயில்? 48 இஞ்ச் விட்டம், 1977-ல் ஓடத் தொடங்கியது. இனிமேல் பெரிதாக்க வழியில்லை. அதனால் 1979-ல் எண்ணெயிலேயே கை வைத்தார்கள். நீளமான மூலக்கூறுகள் கொண்ட பாலிமரை மிகச் சிறிய அளவில் கலந்ததும், சுவரருகே உருவாகும் சுழல்கள் அடங்கின, உராய்வு குறைந்தது. வரிச்சீர் ஓட்டத்தில் இந்த வித்தை பலிக்காது, அங்கே அடக்குவதற்குச் சுழல்களே இல்லையே!

குடிதண்ணீரில் பாலிமர் கலக்க முடியாது. பிரஷர் பம்ப் வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, ஒரு குழாயை மட்டும் திறங்கள். நன்றாக வந்து, இரண்டாவது குழாயைத் திறந்ததும் சரேலென்று குறைந்தால், பெரும்பாலும் குற்றவாளி பொதுவான லைனின் விட்டம். ஒரு குழாயிலேயே சோம்பலாக வந்தால் அடைப்பு, பாதி திறந்த வால்வு அல்லது உயரக் குறைவு.

எங்கள் வீட்டில் டேங்கிலிருந்து இறங்கும் லைனை மட்டும் ஒரு இஞ்ச் ஆக்கினோம். பாத்ரூம் சுவருக்குள் போகும் கடைசி ஒன்றரை மீட்டர் அரை இஞ்சிலேயே இருக்கிறது. டைல்ஸை உடைக்க ஓனர் சம்மதிக்கவில்லை. அவ்வளவு குட்டித் துண்டில் போகும் அழுத்தம் அரையடி உயரம்கூட இல்லை. கிச்சனில் இப்போது யார் குழாயைத் திறந்தாலும் நான் கத்துவதில்லை.