வானத்தில் ஒரு கண்ணாடி

இன்று இரவு ஒன்பது மணிக்குச் சிற்றலை வசதியுள்ள ஒரு வானொலிப் பெட்டியுடன் மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். தாத்தா வீட்டுப் பரணில் ஒன்று நிச்சயம் கிடைக்கும். முள்ளை மிக மெதுவாக நகர்த்துங்கள். இரைச்சலுக்கு நடுவே சீனம், அரபு, பெயர் தெரியாத மொழிகள் என்று ஒவ்வொன்றாக எழும். லண்டனிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரலோடு சிற்றலையில் நின்றுவிட்டது; எனக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு. ஆனாலும் சிற்றலை வெறுமையாகிவிடவில்லை.

ரேடியோ அலை நேராகச் செல்வது, பூமியோ உருண்டை. பிறகு எப்படிப் பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி பாளையங்கோட்டைக்கு வருகிறது? சுமார் 60 கிலோமீட்டருக்கு மேலே உள்ள காற்றைச் சூரியக் கதிர்கள் அயனிகளாகவும் எலெக்ட்ரான்களாகவும் பிரிக்கின்றன. இதுவே அயனி மண்டலம். இதன் மேலடுக்கு சிற்றலைகளை வளைத்துத் தரைக்கே திருப்பி அனுப்புகிறது. கீழடுக்கோ பகலில் நீண்ட அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்தக் கீழடுக்கு கலைந்துவிடுகிறது. அதனால்தான் நண்பகலில் 15 மெகாஹெர்ட்சுக்கு அருகிலும், இரவில் 5 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் தேடச் சொல்கிறேன்.

இந்த விளையாட்டில் நெல்லைக்காரர்களுக்கு ஒரு தனிச் சலுகை. பூமியின் காந்த நடுக்கோடு நம் ஊருக்கு அருகே செல்கிறது. சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் கழகத்தின் ஆய்வகம் அமைந்ததற்குக் காரணம் இதுவே. அங்கிருந்து 1.98 மெகாஹெர்ட்ஸ் அலைகளை மேலே அனுப்பி, திரும்பும் மெல்லிய எதிரொலியைக் கொண்டு 80, 90 கிலோமீட்டர் உயரக் காற்றின் வேகத்தை அளந்திருக்கிறார்கள். காந்த நடுக்கோட்டுப் பகுதியில் சில நாள்களில் பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலத்தில் குமிழிகள் எழும். அப்போது தொலைதூரக் குரல், குளிரில் பேசுவதுபோல் நடுங்கும். பெட்டி பழுது என்று கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள்!

7 மெகாஹெர்ட்சுக்குச் சற்று மேலே வாத்து கத்துவதுபோல் கேட்டால், அது பெரும்பாலும் அமெச்சூர் வானொலியினரின் பேச்சு. மின்சக்தியை மிச்சப்படுத்த, ஊர்தி அலையை நீக்கிவிட்டு அனுப்புவார்கள். அதை மீண்டும் சேர்த்துக்கொள்ளும் 'எஸ்.எஸ்.பி.' வசதியுள்ள பெட்டியில்தான் சொற்கள் புரியும். கேட்பதோடு நில்லாமல் பேசவும் வேண்டுமானால் அரசுத் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். பன்னிரண்டு வயது நிறைந்தால் எழுதலாம்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு உலக அமெச்சூர்களோடு பேசுவதற்காக அந்தமானின் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. 26ஆம் தேதி சுனாமி. தொலைபேசிகள் செத்தன. பொழுதுபோக்குக்காக எடுத்துச் சென்ற கருவிகளே, உயிரோடிருந்தவர்களின் செய்தியை நிலப்பகுதிக்குக் கொண்டு சேர்த்தன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே சிக்கி நின்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கைபேசி ஊமையானபோது நம் தெருவில் எத்தனை பேரிடம் பேட்டரியில் ஓடும் வானொலி இருந்தது?

ஏரியலுக்குப் பத்து மீட்டர் காப்பிட்ட செம்புக் கம்பி போதும். மின்கம்பிகளுக்கு எட்டாத இடமாகப் பார்த்து, இரண்டு வேப்பமரங்களுக்கு இடையே கட்டி, ஒரு முனையைப் பெட்டியின் ஏரியலோடு இணையுங்கள். எல்.இ.டி. விளக்கும் செல்போன் சார்ஜரும் பெரும் இரைச்சல் தரும். மின்வெட்டு நேரம்தான் கேட்பதற்கு ராஜயோகம்! ஒரு நோட்டில் தேதி, நேரம், அலைவரிசை, கேட்ட மொழி ஆகியவற்றைக் குறித்துவாருங்கள். இடி முழங்கத் தொடங்கினால் மட்டும், நிகழ்ச்சி எவ்வளவு சுவையாக இருந்தாலும், முன்கூட்டியே கம்பியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுங்கள்.