தட்டைத் திருப்பிய கை

ஹிப் ஹாப் என்ற பெயரைக் கேட்டதும் சிங்கப்பூர்த் தமிழர் பெரும்பாலோரின் நினைவுக்கு வருவது மூச்சுவிடாமல் அடுக்கப்படும் சொற்கள்தாம். திரைப்பாடல் வழியாகவும் இணையக் காணொளி வழியாகவும் இந்த இசை தமிழ்க் காதுகளை எட்டியபோது முன்னால் நின்றவர் பாடுபவரே என்பதால், அந்த எண்ணம் இயல்பானது. ஆனால் இந்த இசை உருவான முறையை வரிசைப்படி நோக்கினால், சொல் அதில் பின்னர் வந்து சேர்ந்த உறுப்பு என்பதும், அதற்கு முன்பே இரண்டு இசைத்தட்டுகளும் அவற்றைத் திருப்பும் ஒரு கையும் வேலையைத் தொடங்கிவிட்டன என்பதும் விளங்கும்.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் நகரின் பிராங்ஸ் வட்டாரத்தில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் சிண்டி கேம்பல் என்ற இளம்பெண் ஒரு விருந்து நடத்தினார். பள்ளி திறக்கும் முன் புத்தாடை வாங்கப் பணம் சேர்ப்பதே அவர் நோக்கம். நுழைவுக் கட்டணமாகப் பெண்களிடம் 25 காசும் ஆண்களிடம் 50 காசும் பெறப்பட்டன. இசைத்தட்டு போடும் பொறுப்பு அவருடைய அண்ணன் கிளைவ் கேம்பலுக்கு. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் நியூயார்க் வந்த அந்த இளைஞரை நண்பர்கள் கூல் ஹெர்க் என்று அழைத்தனர். தெருமுனைகளில் ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கி, தட்டு ஓடும்போதே ஒலிவாங்கியில் கூட்டத்தோடு பேசும் ஜமைக்காவின் வழக்கம் அவருக்குச் சிறு வயதிலேயே பழகியிருந்தது. அந்தக் கட்டடத்தை ஹிப் ஹாப்பின் பிறப்பிடமாக நியூயார்க் மாநிலம் 2007இல் ஏற்றுக்கொண்டது.

ஹெர்க் கவனித்த ஒன்றிலிருந்தே அனைத்தும் கிளைத்தன. ஆட வந்தவர்களிற் சிறந்தவர்கள் பாட்டு முழுவதற்கும் ஆடவில்லை; குரலும் கிட்டாரும் ஒதுங்கி, முரசும் தாளக்கருவிகளும் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே காத்திருந்தார்கள். கச்சேரியில் மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் விடப்படும் தனி ஆவர்த்தனத்தைப் போன்ற அந்தப் பகுதிக்குப் பிரேக் என்று பெயர்; தனி ஆவர்த்தனம் நிமிடக்கணக்கில் நீளும், பிரேக்கோ பெரும்பாலும் பத்து நொடிக்குள் முடிந்துவிடும். ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை வாங்கி, இரண்டு சுழலிகளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும் கணத்தில் மற்றொன்றில் அதைத் தொடங்கி, அது ஓடும்போது முதல் தட்டின் ஊசியை மீண்டும் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் வைக்கும் வழியை ஹெர்க் வகுத்தார். பத்து நொடித் தாளம் இதனால் பல நிமிடங்களுக்கு நீண்டது. ஜேம்ஸ் பிரௌனின் தட்டுகளும், இன்கிரெடிபிள் பாங்கோ பேண்ட் 1973இல் வெளியிட்ட 'அபாச்சி' என்ற இசைத்துண்டும் இதற்கு உகந்தவையாக அமைந்தன. அந்தத் தாளத்துக்குத் தரையில் சுழன்று ஆடியவர்கள் பி-பாய் எனப்பட்டனர். ஒலிவாங்கியைப் பிடித்துக் கூட்டத்தைப் பெயர் சொல்லி உற்சாகப்படுத்திய கோக் லா ராக், எம்சி எனப்படும் பேச்சாளர் வரிசையில் முதல்வராகக் கருதப்படுகிறார்.

பிராங்ஸ் அப்போது இருந்த நிலையையும் இங்கே சொல்ல வேண்டும். வட்டாரத்தின் நடுவே போடப்பட்ட கிராஸ் பிராங்ஸ் விரைவுச்சாலை ஆயிரக்கணக்கான குடும்பங்களை இடம்பெயர்த்தது. 1970களில் கட்டடங்கள் அடுத்தடுத்து எரிந்தன. இளைஞர் குழுக்கள் தெருக்களைப் பங்கிட்டுக்கொண்டு மோதின. 1971 டிசம்பரில் அந்தக் குழுக்கள் ஒன்றுகூடி அமைதி உடன்பாடு செய்துகொண்ட பிறகே, ஒரு தெருவைச் சேர்ந்தவர் மற்றொரு தெருவின் விருந்துக்கு அச்சமின்றிச் செல்ல முடிந்தது. குழுக்களுக்கிடையே இருந்த போட்டி மறைந்துவிடவில்லை. யாருடைய ஒலிபெருக்கி பெரிது, யாருடைய ஆட்டம் சிறந்தது என்ற போட்டியாக அது உருமாறியது.

ஹெர்க்கின் முறையில் ஒரு குறை இருந்தது. ஊசியைக் கண்ணளவில் வைத்ததால், ஒரு பிரேக்கிலிருந்து மற்றதற்குத் தாவும்போது தாளம் சில வேளைகளில் தடுக்கியது. அதைச் சீர்செய்தவர் பார்படோஸில் பிறந்து பிராங்ஸில் வளர்ந்த ஜோசஃப் சாட்லர். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்ற பெயரில் அறியப்படும் அவர், மின்னணுவியல் கற்பிக்கும் தொழிற்பள்ளி ஒன்றின் மாணவர். அவர் கண்டறிந்தது கைத்திறனும் கணக்கும் சேர்ந்த ஒன்று என்பதால் அதைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

நீண்ட இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. நிமிடத்துக்கு 100 அடி விழும் தாளத்தில், நான்கடி கொண்ட ஒரு சுழற்சி 2.4 நொடியும், அத்தகைய நான்கு சுழற்சிகள் கொண்ட ஒரு பிரேக் 9.6 நொடியும் ஆகும். அந்த 9.6 நொடியில் தட்டு ஐந்து சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுற்றியிருக்கும். ஆகவே பிரேக் முடிந்ததும் ஊசியைத் தூக்கத் தேவையில்லை. தட்டை அதே எண்ணிக்கையில் பின்னோக்கித் திருப்பினால் ஊசி பள்ளத்தின் வழியே நடந்து தொடக்கத்துக்கே வந்து சேரும். எத்தனை சுற்று என்பதைக் கண் பிடித்துக்கொள்வதற்காக ஃபிளாஷ் தட்டின் மேல் மெழுகு வண்ணக்கோலால் கோடு கிழித்து, கடிகார முள்ளைப் பார்ப்பதுபோல் அந்தக் கோட்டைப் பார்த்து எண்ணினார். இசைத்தட்டின் முகத்தில் விரல் படக்கூடாது என்பதே அதுவரை எல்லா வீடுகளிலும் இருந்த விதி; ஃபிளாஷின் முறையில் தட்டின் மேல் வைத்த விரலே எல்லாவற்றையும் நடத்தியது.

தட்டைக் கையால் நிறுத்தும்போதும் திருப்பும்போதும் அடியிலுள்ள சுழல்மேடை தன் வேகத்தை இழக்கக்கூடாது. அக்காலச் சுழலிகளில் தட்டின் அடியில் ரப்பர் விரிப்பு இருந்தது. அது தட்டைப் பற்றிக்கொள்ளும். தையல் வேலை செய்த தாயின் வீட்டில் துணிகளோடு வளர்ந்த ஃபிளாஷ், ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, அது சுருங்காதிருக்கக் கஞ்சி தெளித்து விறைப்பாக்கி, ரப்பருக்குப் பதிலாக விரித்தார். மேடை கீழே ஓடிக்கொண்டேயிருக்க, தட்டு மேலே வழுக்கி நின்றது. அடுத்த தட்டை அவையோர் கேட்குமுன் தான் மட்டும் காதொலிப்பானில் கேட்டுச் சரிபார்ப்பதற்கான விசையையும் அவரே கம்பி இணைத்து அமைத்துக்கொண்டார். ஒலிக்கருவிகளும் உதிரிபாகங்களும் அடுக்கப்பட்ட சிம் லிம் டவர் கடைகளில் விலை கேட்டு நிற்கும் பள்ளி மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய முன்னோடி அவர்.

இயந்திரமும் இதே காலத்தில் மாறியது. தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் தையல்காரர்களின் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு, மோட்டாரின் சுழற்சியை ஒரு வார் கொண்டுபோய்ச் சக்கரத்தில் சேர்ப்பதும், சக்கரத்தைக் கையால் பிடித்தால் வார் வழுக்குவதும் தெரிந்திருக்கும். பழைய இசைத்தட்டுச் சுழலிகள் பலவும் அவ்வாறே இயங்கின. ஜப்பானின் மாட்சுஷிட்டா நிறுவனம் டெக்னிக்ஸ் என்ற பெயரில் வெளியிட்ட சுழலிகள், வாரை நீக்கி, மோட்டாரின் அச்சிலேயே மேடையை அமர்த்தின. 1972இல் வந்த எஸ்எல்-1200உம் 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவமும் இவ்வகையின. இரண்டாம் வடிவம் நின்ற நிலையிலிருந்து முழு வேகத்தை 0.7 நொடியில் எட்டியது, வேகத்தை எட்டு விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நழுவுவிசையும் பெற்றிருந்தது. முதலில் வீட்டில் அமைதியாக இசை கேட்போருக்கென வடிவமைத்த கருவியைத் தெருவிருந்துகள் தமதாக்கிக்கொண்டன.

இத்தனைக்கும் மேலான விந்தை, தட்டை உரசி ஒலி எழுப்புவது. 1970களின் நடுப்பகுதியில் கிராண்ட் விசார்ட் தியோடர் என்ற சிறுவன் வீட்டில் பயிற்சி செய்தபோது, ஒலியைக் குறைக்கச் சொல்லித் தாய் அறைக்கு வர, தட்டைக் கையால் பிடித்தபடியே முன்னும் பின்னும் அசைத்ததில் எழுந்த ஒலியை அவன் கவனித்தான் என்று வரலாறு சொல்கிறது. பள்ளத்தின் நெளிவுகளை ஊசி எந்த வேகத்தில் கடக்கிறதோ அதற்கேற்பச் சுருதி ஏறி இறங்கும்; திசை மாறினால் ஒலி தலைகீழாகும். அந்த இரண்டையும் கை நிர்ணயிக்கத் தொடங்கியபோது, பதிவைக் கேட்பிக்கும் கருவி வாசிக்கப்படும் கருவியாயிற்று.

உரசி ஒலி எழுப்பும் இந்தத் தத்துவம் தமிழருக்கு அந்நியமானதன்று. உறுமியின் ஒரு முகத்தை நேர்க்குச்சி தட்ட, மறுமுகத்தை வளைந்த குச்சி உரசுகிறது. அடியால் எழாத அந்த முனகல், தோலின் மேல் குச்சி விக்கி விக்கி நகர்வதால் எழுவது. உராய்வைத் தாளத்துக்குள் கொண்டுவரும் கருவிகள் உலகின் பல பகுதிகளில் உண்டு. அவற்றுள் ஒன்றைக் கோயில் வாசலில் கேட்டு வளர்ந்தவர்கள், தட்டை உரசும் ஓசையை வெறும் இரைச்சல் என்று தள்ளுவது வருந்தத்தக்கது.

சொல் முன்னுக்கு வந்தது 1979இல். சில்வியா ராபின்சன் நடத்திய நிறுவனம் ஷுகர்ஹில் கேங் என்ற மூவரைக் கொண்டு 'ராப்பர்ஸ் டிலைட்' பாடலை வெளியிட்டது. அதன் தாளம் தட்டைத் திருப்பிய கையிலிருந்து வரவில்லை, ஷிக் குழுவின் 'குட் டைம்ஸ்' பாடலின் தாளத்தை வாத்தியக்காரர்கள் மீண்டும் வாசித்தனர். தட்டு விற்பனைக்குப் பேச்சாளரின் பெயர் போதுமாயிற்று. ஃபிளாஷின் குழு 1982இல் வெளியிட்ட 'தி மெசேஜ்', பிராங்ஸின் வறுமையைச் சொல்லில் நிறுத்திய பெரும்படைப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் ஃபிளாஷின் கைத்திறன் அந்தத் தட்டில் இல்லை. முந்திய ஆண்டு அவர் மூன்று சுழலிகளைக் கொண்டு உருவாக்கிய தட்டே அந்தக் கலையின் சான்றாக எஞ்சியிருக்கிறது. 1973க்கும் 1979க்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கோ விருந்துகளில் பிடித்த ஒலிநாடாக்களையும் கலந்துகொண்டவர்களின் நினைவுகளையும் தவிர வேறு சான்று ஏறக்குறைய இல்லை.

அந்தப் பிரேக்குகளை வாசித்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி மிகக் குறைவாகவே கேட்கப்படுகிறது. ஜேம்ஸ் பிரௌனின் முரசு வாசிப்பாளர் கிளைட் ஸ்டப்பிள்ஃபீல்டு 1969இல் வாசித்த 'ஃபங்கி டிரம்மர்' பிரேக் எண்ணற்ற ஹிப் ஹாப் பாடல்களின் அடித்தளமானது. உரிமை பிரௌனின் பெயரில் இருந்ததால் அவருக்குச் சேர வேண்டியது சேரவில்லை. தி வின்ஸ்டன்ஸ் குழுவின் கிரெகரி கோல்மன் அதே 1969இல் ஏறத்தாழ ஆறேழு நொடி வாசித்த மற்றொரு பிரேக், உலகில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட ஒலித்துண்டுகளில் ஒன்று. கோல்மன் 2006இல் வறுமையில் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு ரசிகர்கள் 2015இல் சுமார் 24,000 பவுண்டு திரட்டி அளித்தபோது, வாசித்த கை மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

தமிழுக்கு இந்த இசை வந்த வழி பெரிதும் சொல்லின் வழியே. 1994இல் 'காதலன்' படத்துக்காக ஏ.ஆர். ரகுமான் அமைத்த 'பேட்டை ராப்' சென்னைப் பேச்சைத் தாளத்தில் ஏற்றியது. மலேசியாவின் பொயெடிக் அம்மோ குழு 1998இல் ஒரே தொகுப்பில் பல மொழிகளில் பாடியது. அக்குழுவின் யோகி பி, நட்சத்திராவுடன் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்', தமிழ் ராப் தன் காலில் நிற்கும் என்று காட்டியது. 'எந்திரன்' படத்தின் 'இரும்பிலே ஒரு இருதயம்' பாடலில் 2010இல் சிங்கப்பூரின் லேடி காஷ், கிரிஸ்ஸியுடன் இணைந்து குரல் கொடுத்தார். யங் ராஜா 2018இல் சையத் ஆல்வி சாலையின் முஸ்தஃபா சென்டரின் பெயரையே பாட்டின் பெயராக்கினார். நியூயார்க்கில் 1984இல் ஒரு மாணவர் விடுதி அறையில் தொடங்கிய டெஃப் ஜேம் நிறுவனம், 2019இல் தென்கிழக்காசியக் கிளையைத் தொடங்கியபோது அவரையும் சேர்த்துக்கொண்டது. பெருமைக்குரிய வளர்ச்சியே இது. இந்த வரிசையில் பாடியவர்களின் பெயர் நினைவில் நிற்பதுபோல் தாளம் வாசித்தவர்களின் பெயர் நிற்கிறதா என்பதைத் தமிழ் ரசிகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

செட்ஜ்விக் அவென்யூவில் தாளம் நீளத் தொடங்கிய அதே 1973தான், சிராங்கூன் சாலையில் தைப்பூச ஊர்வலத்தின் இசைக்கருவிகள் நின்ற ஆண்டு. போட்டிக் குழுக்களுக்கிடையே மூண்ட சண்டைகள் ஊர்வலத்தைக் குலைத்ததால் அந்தத் தடை வந்தது. 1964 கலவரங்களுக்குப் பிறகு சமய ஊர்வலங்களுக்குப் பொதுவாகத் தடையிருந்த நாட்டில், தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகிய மூன்றுக்கும் விலக்கு இருந்ததை நினைத்தால், அதிகாரிகளின் அச்சத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் உறுமியின்றி நடந்தன. 2016இல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இடம் தரப்பட்டது. 2019இல் விதிகள் மேலும் தளர்ந்தன. ஆயினும் நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி எந்தத் தாளக்கலைக்கும் சிறிதன்று. போட்டியைத் தாளத்துக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளும் பயிற்சியைக் குழுக்களுக்குத் தந்திருந்தால் அந்த ஆண்டுகள் வேறு விதமாகக் கழிந்திருக்கக்கூடும்.

இன்று தட்டின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. ஒரு பிரேக்கை வெட்டி நீட்டுவதற்கு வண்ணக்கோல் கோடு வேண்டியதில்லை. சிங்கப்பூர் இளையர் ஒருவர் தம் பாட்டுக்கு உள்ளூர்த் தாளம் தேடினால், அவருக்கு வேண்டியது குரலோ நாதசுரமோ கலவாமல் உறுமியும் தவிலும் மட்டும் ஒலிக்கும் தூய பதிவு. தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறுகளைத் திரட்டி வருகிறது. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் 2015 முதல் இயங்குகிறது. உறுமிக் குழுக்களின் மூத்த வாசிப்பாளர்களை அழைத்து, ஒவ்வொரு தாளத்தையும் தனித்தனியே வாசிக்கச் செய்து, வாசித்தவர் யார், யாரிடம் கற்றார், எந்தக் குழுவில் எந்த ஆண்டுகளில் வாசித்தார் என்ற குறிப்புகளோடு பதிவு செய்து வைத்தால், பின்னொரு நாள் அந்தப் பதிவின் ஆறேழு நொடியை ஒருவர் எடுத்து நீட்டும்போது உரிமைத்தொகை எந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டும் என்பதில் ஐயம் எழாது.