ஆயிரம் கிலோமீட்டரும் இரண்டு மணி நேரமும்

டோம்பிவிலியில் வசிக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு, ஊரில் தாயார் நோயுற்றிருப்பதாகச் செய்தி வருகிறதென்று வைத்துக்கொள்வோம். கல்யாண் வழியாகச் செல்லும் ரயிலில் ஏறினால் புணே, குண்டக்கல், பெங்களூர், சேலம் எனச் சுற்றி 1,400 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்யவேண்டும். முப்பது மணி நேரத்துக்கு மேலாகும். விமானத்தின் கால அட்டவணையோ ஏறத்தாழ இரண்டு மணி என்கிறது. தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார்ப்பவருக்கு அதனினும் குறைந்த விடை கிடைக்கும். வீட்டாருக்கு எதைச் சொல்லியனுப்புவது?

தூரத்தை வாசகர்களே கணக்கிடலாம். மும்பை விமான நிலையம் வட அட்ச ரேகை 19.09 பாகையிலும், கிழக்குத் தீர்க்க ரேகை 72.87 பாகையிலும் அமைந்தது. கோவைப் பீளமேட்டு நிலையத்துக்கு இவை முறையே 11.03, 77.04. அட்ச ரேகையில் ஒரு பாகை 111 கிலோமீட்டர். ஆகவே தெற்கே 895 கிலோமீட்டர். தீர்க்க ரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால், இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஒரு பாகை 107 கிலோமீட்டரே. ஆகவே கிழக்கே 446 கிலோமீட்டர். செங்கோண முக்கோணத்தின் கர்ணமாக வருவது ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் இதனை 72 நிமிஷத்தில் கடந்துவிடலாம்.

எஞ்சிய முக்கால் மணி எங்கே போயிற்று? அட்டவணை கூறுவது, விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்கியது முதல் மறுமுனையில் வந்து நிற்கும் வரையிலான நேரமாகும். மும்பையில் இரு ஓடுபாதைகள் உண்டெனினும், அவை ஒன்றையொன்று குறுக்காக வெட்டுவதால் இரண்டையும் ஒருங்கே பயன்படுத்த இயலாது. விமானங்கள் வரிசையில் காத்திருக்கின்றன. பெரும்பாலும் மேற்கே கடல்மீது எழும்பிய பின்னரே தென்கிழக்கே திரும்புகின்றன. மேலேறும்பொழுது முழு வேகம் கிட்டுவதில்லை. இறக்கமோ ஊருக்கு 200 கிலோமீட்டர் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. தென்மேற்குப் பருவ மாதங்களில் தென்னிந்தியாவின் உயர்வானில் வீசும் கிழக்குக் காற்றும் கோவை செல்லும் விமானத்தைச் சற்றே தடுக்கும். திரும்புகையில் அதுவே துணைசெய்யும்.

தரையிலும், ஏறி இறங்குவதிலும் கழியும் இந்நேரம், தூரம் குறைந்தாலும் அதே அளவில் குறைவதில்லை. சென்னைக்கும் யாழ்ப்பாணம் பலாலிக்கும் நேர்தூரம் 355 கிலோமீட்டர்தான். 2019 நவம்பரில் அத்தடத்தில் சேவை தொடங்கிய ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் செல்வது. 43 நிமிஷம் போதும் என்று தோன்றும். அட்டவணையிலோ ஒரு மணிக்கு மேல். ஜெட் விமானத்தை அமர்த்தினாலும் வகுத்தல் கணக்கில் மிஞ்சுவது 17 நிமிஷமே.

நம் டோம்பிவிலி அன்பருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மும்பை நிலையத்துக்கு அவர் காட்கோபர் வரை மின்ரயிலிலும், அங்கிருந்து மெட்ரோவிலும், மரோல் நாக்காவில் மாறியும் செல்லவேண்டும். பிரயாணம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே மூட்டைகளை ஒப்படைக்கும் இடம் மூடப்பட்டுவிடும். காலைச் சிற்றுண்டி முடித்துக் கிளம்புபவர் பீளமேட்டில் இறங்கும்பொழுது பிற்பகலாகிவிடுதல் இயல்பே. 2025 டிசம்பர் 25 அன்று போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட நவி மும்பை நிலையம், அவருக்கு நேர் தெற்கே 25 கிலோமீட்டர் அளவில் உள்ளது. ஆனால் அதற்குச் செல்லும் சாலை ஷீல்பாட்டா வழியாகச் செல்கிறது, அங்கு லாரிகளின் நெரிசலை எந்த அட்டவணையும் கணக்கிட்டுச் சொல்வதில்லை.